ஏழாவது டேக்

சாயத்தை நான்தான் காய்ச்சுவேன்.
ரம்மின் நிறம் வர நான்கு தேயிலைப் பை,
ஒரு கரண்டி கருக்கிய சர்க்கரை.
துணியில் வடித்து
வண்டல் அடியில் தங்கும்வரை தொடாமல் வைப்பேன்.
கிளேஸ் பேயில் மார்ச் மாதம்
எதையும் ஆறவைப்பது சிரமமில்லை,
ஜன்னலைத் திறந்தால் போதும்.
கடல் முழுக்க வடக்கிலிருந்து வந்த பனிப்பாளம்.
இரவெல்லாம் ஒன்றையொன்று உரசி முனகும்.

பட்ஜெட் என்று எங்களிடம் இருந்தது
யூநிஸ் பூத்ரோ தன் அப்பாவின்
சிங்கி இறால் படகை விற்ற பணம்.
பதினேழு நாள். ஒன்பது பேர்.
பொருட்கள் என் பொறுப்பு. தொடர்ச்சியும்.
தொடர்ச்சி என்றால்,
முந்தைய ஷாட்டில் கோப்பையில் இரண்டு விரல் இருந்தால்
அடுத்த ஷாட்டிலும் இரண்டு விரல்.
சிகரெட்டின் நீளம்,
எந்தக் காலணி நனைந்தது,
எல்லாம் என் நோட்டில்.

குடிகாரனாக நடித்தவர் லாக்லன் மக்கெக்கர்ன்.
நடிகர் அல்ல. பள்ளிப் பேருந்து ஓட்டியவர்,
ஓட்டக் கூடாத நிலையில் ஒரு காலை ஓட்டியவர்.
இருநூற்றுப் பதினொரு நாள் ஆகிறது என்றார்
முதல் நாள் கைகுலுக்கும்போது, வயதைச் சொல்வதுபோல.
மறுநாள் நோட்டின் ஓரத்தில்
இருநூற்றுப் பன்னிரண்டு என்று குறித்தேன்.
யாரும் கேட்கவில்லை.
அதற்குக் கீழே இன்னொரு எண், சின்னது.
யாருடையது என்று எழுதவில்லை.

ஒன்பதாம் நாள், மதுக்கடைக் காட்சி,
முன்னாள் படைவீரர் மன்றத்தில். இரவு வாடகை குறைவு.
மன்றத்துக் கிழவர் வில்பர்ட், பாவம், நல்ல எண்ணம்தான்,
ஆறாவது டேக் முடிந்து காலியாகக் கிடந்த கோப்பையைத்
தன் அலமாரிப் பாட்டிலிலிருந்து நிரப்பி வைத்தார்.
நான் அப்போது பிளக் பாயின்ட் தேடிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது டேக்.
லாக்லன் கோப்பையைத் தூக்குகிறார்.
உதட்டுக்கு அரை அங்குலத்தில் கை நிற்கிறது.
மூக்குக்கு முதலில் தெரிந்தது.
மேசைக்கு அடியில், கேமரா பார்க்காத இடத்தில்,
முழங்கால் துள்ள ஆரம்பித்தது.
எத்தனை நொடி என்று நோட்டில் இருக்கிறது: பத்தொன்பது.
யாரும் கட் சொல்லவில்லை.
வைத்தார். பழைய ஈர வளையத்தின் மேலேயே,
எனக்கு வேலை வைக்கக் கூடாது என்பதுபோல.
கோட்டை எடுக்காமல் வெளியே போனார்.

சட்டைக்குள் மைக் அப்படியே இருந்தது.
ஒலிப்பதிவுக்காரன் ஹெட்போனைக் கழற்றவில்லை.
மூச்சு என்றான். கொஞ்சம் கழித்து,
யூநிஸும் வந்துவிட்டாள், பேசவில்லை.
அப்புறம் பனிப்பாளம்.

யாரோ என்னிடம் சொன்னார்கள், அதைக் கொட்டிவிடு.
மேசையிலிருந்து சிங்குக்குப் பதினாறு அடி.
தளும்பாமல் நடந்தேன். பழக்கம்.

தேறல் என்றால் தெளிந்த மது.
தேறினான் என்றால் பிழைத்தான்.
இரண்டையும் ஒரே வேரில் முளைக்கவிட்ட மொழிக்கு
அந்தப் பதினாறு அடி தெரியும்.

படத்தில் இருப்பது அந்த டேக்தான்.
நிறைந்த கோப்பை, நிற்கும் கை, திறக்கும் கதவு.
திரும்பக் காட்டும்போது மேசையில் அதே கோப்பை,
காலி.

ஹாலிஃபாக்ஸில் நாற்பது பேருக்குத் திரையிட்டோம்.
முடிந்ததும் ஒருவர் கையைத் தூக்கினார்:
அவர் குடிக்கவே இல்லையே,
அது எப்படிக் காலியானது?
லாக்லன் மேடையிலிருந்து என்னைப் பார்த்தார்.
குற்றமாக இல்லை. விளக்கு போடாத வீட்டில்
யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதுபோல.

பிழைதான் என்றேன். என்னுடையது.
சிரித்தார்கள். அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

நோட்டில் பத்தாம் நாள் பக்கம்:
காற்று, வடகிழக்கு. சட்டை, நீலக் கட்டம்.
ஓரத்தில் இருநூற்று இருபது.
கீழே அந்தச் சின்ன எண் அடிக்கப்பட்டு,
பக்கத்தில், பென்சிலில்,
ஒன்று.