கையிருப்பு

மே மாதம். நாற்பத்திரண்டு டிகிரி.
ஆற்காடு ரோட்டில் தார் இளகி
செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.
நான் கீழ்த்தளத்தில், பதினெட்டு டிகிரியில்,
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
வெயிலை அளக்கிறேன்.

சிரிக்காதீர்கள், இதற்குத்தான் சம்பளம்.
தோலில் விழுந்த வெயில்
ஈரலில் ஒரு பெயர் வாங்கி
சிறுநீரகத்தில் இன்னொரு பெயர் வாங்கி
வேலைக்குத் தயாராகும்போது
மில்லிக்குச் சில பிகோகிராம்தான் தேறும்.
பிகோ என்றால் எவ்வளவு என்றான் என் மகன்.
மோர்தானா அணை நிரம்பி நிற்கும்போது
அரைப் பாக்கெட் உப்பைக் கரைத்துவிட்டு
கரையில் உட்கார்ந்து நக்கிப் பார் என்றேன்.

அதுவும் தனியாக நடக்காது.
சுமந்துபோக ஒரு புரதம் வேண்டும்.
காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் பஸ் மாதிரி,
படிக்கட்டு வரை ஆள்.
உள்ளே இருக்கும் வரை யாருக்கும் பயனில்லை.
இறங்கியவன்தான் போய்க் கடை திறப்பான்.
நூற்றுக்கு ஒருவன்கூட இறங்குவதில்லை.
அதனால் ஆளையும் எண்ணு, பஸ்ஸையும் எண்ணு.
கர்ப்பிணிக்கு ஸ்பெஷல் பஸ் விடுவார்கள்,
எண் ஏறும், ஏமாறக் கூடாது.
சிறுநீரில் நுரை போகிறவருக்கோ
பஸ்ஸே ஆளோடு சாக்கடைக்குப் போகும்.

குழாய் நாற்பத்தொன்று.
தில்ஷாத், இருபத்தொன்பது, பேரணாம்பட்டு.
ஷூ கம்பெனி.
இடுப்பு வலி இரண்டு வருடமாக,
மாடிப்படியில் கம்பியைப் பிடித்துத்தான் ஏறுகிறார்.
சீட்டில் கேட்டிருந்தது இரண்டே இரண்டு:
ஆக்டிவ், அதைச் சுமக்கும் புரதம்.

இரண்டும் நன்றாக இருந்தன.
ஆக்டிவ் அறுபத்தெட்டு, கொஞ்சம் தாராளமாகவே.
திரை பச்சை காட்டியது.
பச்சை என்றால், அம்மா, உனக்கு ஒன்றுமில்லை.
பச்சை என்றால், வீட்டில் சொல்வார்கள்
வேலைக்குச் சோம்பல் என்று.

எனக்கு அந்தக் கம்பெனி வேனைத் தெரியும்.
என் அண்ணி ஒன்பது வருடம் போன வேன்.
விடிவதற்குள் ஏற்றும், இருட்டியபின் இறக்கும்.
நடுவில் தகரக் கூரை, ட்யூப் லைட்,
மேல்தோல், ஊசி, மேல்தோல்.

சம்பளம் நின்றுபோன வீட்டில்
சம்பந்தி வருகிற அன்று
கறிக்குழம்பு வாசனை தெருமுனை வரை வரும்.
உடம்பும் அப்படித்தான்.
பானையில் அரிசி குறையக் குறைய
கழுத்துச் சுரப்பி சிறுநீரகத்தை அதட்டும்:
மிச்சம் மீதியையும் வழித்து உலையில் போடு.
எலும்பு ஒன்றும் பேசாமல்
வளையலைக் கழற்றி அடகுக்குத் தரும்.
நாங்கள் வாசனையை அளந்துவிட்டு
வசதியான வீடு என்று எழுதுகிறோம்.

ரிப்போர்ட்டில் குறிப்புக்கு ஒரு கட்டம் உண்டு,
அறுபது எழுத்துக்குள்.
‘கையிருப்பையும் பார்க்கவும்’ என்பதை
ஆங்கிலத்தில் அடித்தேன்.
ஜெபமணி சார் அழித்தார்.
கேட்டதுக்கு மட்டும் பதில், பியூலா.
ஆனால் மீதிச் சீரத்தைக் கொட்டவில்லை,
தானே எழுந்துபோய்
மைனஸ் எழுபதில் வைத்துவிட்டு வந்தார்.
அன்று மத்தியானம் அவர் டெலிபோனில்
யாரிடமோ குரல் தாழ்த்திப் பேசினார். நான் கேட்கவில்லை.

நாலாம் நாள் சீட்டு வந்தது: கையிருப்பு பார்க்க.
மெஷின் எண் சொல்லவில்லை.
நான்குக்கும் கீழே என்றது,
அதற்குக் கீழே அதற்குப் படிக்கத் தெரியாது.

இல்லாததைச் சொல்லியே பேர் வாங்கிய ஊர் இது.
தண்ணீர் இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை.
அந்தப் பட்டியலைச் சொல்லிச் சிரிக்கிறவர்களுக்கு
இன்னொன்று தருகிறேன், சேர்த்துக்கொள்ளுங்கள்:
வெயில் இல்லாத ரத்தம்.

டீ நேரத்தில் மேலே வந்தேன்.
ஸ்வெட்டரைக் கழற்றி
முழங்கைவரை சுருட்டிக்கொண்டு
ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் நின்றேன்.
‘மேடம், மண்டை காயும், நிழலுக்கு வாங்க’
என்றார் செக்யூரிட்டி.
அஞ்சு நிமிஷம் என்றேன்.
என் குழாயை நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.