காப்புப் பிரிவு

கொம்தாரில் என் மாடிக்கு
இரண்டு வாரமாக லிஃப்ட் நிற்பதில்லை.
ஒரு மாடி மேலே போய்ப்
படியிறங்கி வருகிறேன்,
காலாவதியான சட்டங்களைத் தேடிக் கொல்ல.
அதுதான் வேலை. ஓய்வூதியம் உண்டு.

இந்த ஆண்டுப் பட்டியலில் பதினேழு.
மாட்டுவண்டியில் எண்ணெய் விளக்கு தொங்காவிட்டால்
அபராதம் ஐந்து டாலர்.
எந்த டாலர் என்று கேட்டால்
பதில் சொல்ல அந்த அரசாங்கமே இல்லை.
படகுத்துறையில் கழுதை கட்டத் தடை.
(பினாங்கில் கழுதையைக் கண்டவர்
யாரேனும் இருந்தால் கை தூக்கலாம்.)
ஒழிந்துபோன ஓர் அதிகாரியிடம்
எழுதிக் கேட்க வேண்டிய ஓர் அனுமதி.

இவை சுலபம்.
மணிக்கட்டைத் தொட்டால் நாடி இருக்காது.
நீக்கப்படுகிறது என்று ஒரு சொல்,
அடுத்தது.

கஷ்டம், உயிரோடு இருந்துகொண்டு உளறுகிறவை.
பன்னிரண்டாம் பிரிவு:
விளக்கில்லாத மிதிவண்டி, மூன்றுசக்கர வண்டி, தள்ளுவண்டி
இருட்டியபின் சாலையோரம் நிற்கலாகாது.
விளக்கில்லாதது எது?
ஒன்றா, மூன்றுமா?
மலாயில் அந்தச் சொல் வாலில் ஒட்டுகிறது,
தமிழில் தலையில்.
எங்கே ஒட்டினாலும்
மற்ற இரண்டும் அதை எட்டிப் பார்த்தபடி நிற்கின்றன.
ஓர் உம்மை போட்டால் தீரும் என்று
எழுதிப் பார்த்தேன். தீரவில்லை.

அந்தப் பிரிவில் அகப்பட்டவர் ஞானப்பிரகாசம்.
ஜாலான் பேராக் முனையில்
கச்சாங் பூத்தே தள்ளுவண்டி.
சம்மன் வந்த இரவு வண்டியில் விளக்கு எரிந்தது.
அந்த வெளிச்சத்தில்தான்
அதிகாரி சம்மன் எழுதினார்.
'தள்ளுவண்டி என்று இருக்கிறது,
தள்ளுவண்டி நிற்கிறது.'
இருநூற்றைம்பது வெள்ளி.

ரசீதை லேமினேட் செய்து
மூன்று முறை வந்தார்.
முதல் முறை ஒரு பொட்டலம் கடலை கொண்டுவந்தார்,
விதிப்படி மறுத்தேன்.
அடுத்த முறை கொண்டுவரவில்லை.
எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

எட்டு வரைவு எழுதினேன்.
கடைசியில் நின்றது இது:
விளக்கு எரியாத எந்த வண்டியும்.
அவ்வளவுதான்.
அதற்கு நான்கு மாதம்.

லைட் ஸ்திரீட்டில் சட்டமன்றம் கூடிய நாள்
ஞானப்பிரகாசம் பார்வையாளர் வரிசையில்,
இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்.
மதிய உணவுக்குப் பதினொரு நிமிடம் இருந்தது.
ஓர் உறுப்பினர் கழுதைக்காக இரங்கல் தெரிவித்தார்.
சபை சிரித்தது.
சபாநாயகர் கேட்டார்.
செத்துஜூ என்றது சபை, ஒரே குரலில்.
சம்மதம் என்று பொருள்.
என் தமிழ்க் காதுக்கு
முன்பாதியே போதுமாயிருந்தது.

வெளிப்படியில் காத்திருந்தார்.
'அப்ப என் காசு?'

இருபதாம் பிரிவைச் சொன்னேன்.
நம் நூல்களுக்குக் காப்பு முன்னால் வரும்,
சட்டத்துக்குக் கடைசியில்.
இந்த நீக்கம்
முன்பே விதித்த எந்தத் தண்டனையையும்
பாதிக்காது.
எல்லாச் சட்டத்திலும் உள்ளதுதான் அது.
நகலெடுத்து ஒட்டியவள் நான்தான்,
யோசிக்காமல்,
கடிதத்தின் கீழே 'இப்படிக்கு' எழுதுவதுபோல.

அவர் கோபப்படவில்லை.
கோபப்பட்டிருந்தால் சொல்ல
ஒரு பதில் வைத்திருந்தேன்.
'பழைய சட்டம் ஒரு பிரதி கெடைக்குமா?
அதுக்குக் காசு கட்டுன ஆளு நான்.
அது இருந்துச்சுன்னு
யார்கிட்டயாவது காட்டணும்ல.'

பிரதிக் கட்டணம் பக்கத்துக்கு ஐம்பது காசு.
அதுவும் பழைய விதி,
பட்டியலில் சேர்க்க எனக்குத் தோன்றியதில்லை.
நான்கு பக்கம், இரண்டு வெள்ளி.
சில்லறையாக எண்ணி வைத்தார்.
நானே போட்டுவிடுகிறேன் என்று
சொல்ல வாய் வரவில்லை.
ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
அதையும் லேமினேட் செய்வார்.

அரசிதழில் வெளியான வாரம்,
ஏழரை மணிப் பேருந்து
ஜாலான் பேராக் முனையில் சிவப்புக்கு நின்றது.
மழை விட்டிருந்தது.
அவர் வண்டியில் இரண்டு விளக்கு எரிந்தது.
ஒன்று போதும் என்றுதான்
எழுதியிருந்தோம்.