இருபத்தெட்டு ரூபாய்

பலகையில் இன்னும் என் பெயர் ஏறவில்லை.
பொதுத் தகவல் அலுவலர் என்பதற்குக் கீழே
ஓய்வுபெற்று மூன்று வருடமான
சுருளியப்பன்தான் இருக்கிறார்,
பெயின்ட்டுக்கு ஒதுக்கீடு வராததால்.

மதுரையில் ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள்.
எலுமிச்சை சாதம், ஒரு பேனா,
சட்டம் அச்சிட்ட மெல்லிய புத்தகம்.
முப்பது நாள் என்பதை மட்டும் அடிக்கோடிட்டுக்கொண்டு
உசிலம்பட்டி பஸ் ஏறினேன்.
இரண்டு பேர் வேலையை ஒருத்தி பார்த்துக்கொண்டு,
ஆளே போடாத பதிவறையில்
எதை எங்கே தேடுவது என்று
அந்தப் புத்தகத்தில் பிரிவு ஏதும் இல்லை.

பூசலப்பட்டி பவுன்தாய்
பத்து ரூபாய் கோர்ட்டு வில்லையைக் கோணலாக ஒட்டியிருக்கிறாள்.
மேற்கு மடை கட்டிய செலவுக்கு நகல் வேண்டும்.
ஓரிடத்தில் கண்மாய், இரண்டிடத்தில் கன்மாய்.
முதல் தடவை, கேள்வி தெளிவாக இல்லை என்று எழுதினோம்.
அடுத்த தடவை பொதுப்பணித் துறைக்குத் தள்ளினோம்;
எங்கள் கண்மாய் இல்லை என்று அவர்கள் திருப்பினார்கள்.
இது மூன்றாவது.
கடைசியில் ஒரு வரி மட்டும் புதுசு:
"அந்த மடை எங்கே இருக்கிறது என்றும் சொல்லவும்."

"கரையான்னு எழுதிருங்கம்மா" என்றார் பிடிஓ.
"கரையான் மேல மேல்முறையீடு போட முடியுமா?"

எல்லா அலுவலகத்திலும் உண்டு அந்தக் கரையான்.
சம்பளமில்லாமல் எங்கள் பழியைச் சுமப்பது.
உள்ளே போய்ப் பார்த்தேன்.
பாவம், அது தின்றிருந்தது
ஒரு காலண்டரையும்
பழைய வாக்காளர் பட்டியலில் ஒரு தெருவையும்தான்.

மூன்று சனிக்கிழமை.
முத்திருளாண்டி ஏணியைப் பிடித்துக்கொண்டு தும்மினார்.
செந்துணிக் கட்டுகளுக்கிடையே பல்லி முட்டை.
பதினோராவது கட்டில், ஓரம்கூட மடங்காமல்,
பதினான்கு பக்கம்.

நீளம், அகலம், ஆழம்.
சிமென்ட் நூற்றிருபது மூட்டை.
இரும்பு ஷட்டர் ஒன்று.
நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
ஒன்பதாம் பக்கத்து ஓரத்தில், நீல மையில்,
"சரிபார்க்கப்பட்டது."
அடியில் சுருக்கொப்பம்.
ச-வின் வால் இப்படி நீளுவது
இந்த ஒன்றியத்தில் ஒருத்திக்குத்தான்.

பதினொரு வருடம் முன்பு, மார்ச் முப்பத்தொன்று,
ராத்திரி எட்டு மணி, நாற்பது பில்.
யார் எந்தக் கண்மாய்க்குப் போனது?
காசு வாங்கவில்லை நான்.
அதை யாரும் கேட்கவும் இல்லை.
இரண்டு போண்டா தின்றது நினைவிருக்கிறது.

பதிமூன்று பக்கம் என்று எழுதினால்
யார் எண்ணப் போகிறார்கள்?
அவள் எண்ணுவாள்.
மேற்கே தண்ணீர் ஏறாத ஒன்றரை ஏக்கரில்
கருவேலத்தைத் தவிர
அவளுக்கு எண்ண வேறென்ன இருக்கிறது?

இருபத்தொன்பதாம் நாள் தட்டினேன்:
தாங்கள் கோரிய ஆவணம் பதினான்கு பக்கம்;
பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம்
இருபத்தெட்டு ரூபாய் செலுத்திப் பெற்றுக்கொள்ளவும்.
இதற்குப் பிடிஓ கையெழுத்து தேவையில்லை.
சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் அது.
வயிற்றைக் கலக்குவதும் அதுதான்.

ஏழு நாற்பது வண்டியில் வந்துவிட்டாள்.
ரேஷன் கார்டு உறையிலிருந்து மூன்று பத்து.
என்னிடம் சில்லறை இல்லை. அவள் விடவும் இல்லை,
"ரெண்டு ரூவா பாக்கி மேடம்."
அலுவலக மிஷினில் மை தீர்ந்து மாதமாகிறது.
காஜா கடையில் நகல் எடுத்தோம்.
ஒவ்வொரு தாளும் சூடாக வெளியே வர
வாய்விட்டு எண்ணினாள்.
ஒன்பதில் நிறுத்தினாள்.
"இது யாரு கையெழுத்து?"

"அதுக்குத் தனியா மனு போடணும்மா."

பதினெட்டு வருடப் பழக்கம், அதுவாக வந்தது.
வந்த பிறகு, கடைக்காரரிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி
கண்ணாடி மேல் வைத்து அவள் பக்கம் நகர்த்தினேன்.
பயிற்சியில் கொடுத்த பேனாவையும்.

இடது கையால் தாளை அழுத்திக்கொண்டு
பூசலப்பட்டி வரைக்கும் எழுதினவள்
நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்மாய்க்கு ரெண்டு சுழியா, மூணு சுழியா?"

"மூணு" என்றேன்.