ஒன்பது எழுத்து

மொன்டானா நெடுஞ்சாலை ஓரம், டயர் கடைக்கு முன்னால்
இரண்டு போல்ட்டில் நிற்கிறது வெண்கலப் பலகை.
எங்கள் சபை தொடங்கியது இங்கேதான்,
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நான்கு,
பிப்ரவரியில் ஒரு ஞாயிறு.

அப்போது இது சுரங்கக்காரர்களின் மதுக்கடை.
சீட்டாடும் மேசைதான் பிரசங்க பீடம்.
புட்டிகளைப் போர்வையால் மூடினார்களாம்,
கர்த்தர் கண்ணில் படாதிருக்க.

'மதுக்கடை' என்று பொறிக்கலாமா?
மூன்று வாரம் சண்டை.
'வணிகம் நடந்த இடம்' போதும் என்றார் போதகர் வெல்டன்.
பொருளாளர் ஆஸ்மண்ட் விரல்விட்டு எண்ணினார்:
வார்ப்படக்காரன் எழுத்துக்கு நாலு டாலர் கேட்கிறான்,
எங்கள் மொழியில் அது பதினைந்து, இது ஆறு.
உண்மை மலிவாக இருந்தது.
ஏகமனதாக நிறைவேறியது.

செயலாளர் நான்.
பழைய கணக்குப் புத்தகம் என் அலமாரியில்.
முதல் திருவிருந்து விஸ்கிக் குவளைகளில்;
அதற்குக் கீழே பென்சிலில் ஒரு வரி:
'குவளை கழுவிய கூலி, ஹெட்டா ராஸ்க், இருபத்தைந்து சென்ட்.'
பலகையில் ஏழு ஆண்கள். அவள் இல்லை.

மிச்சமான ஒன்பது எழுத்தில்
அவள் பெயர் அச்சாக அடங்கும் என்றேன்.
"மிச்சம் மிச்சம்தான், மார்வா"
என்று பேனாவை மூடினார் ஆஸ்மண்ட்.

திறப்பு விழாவன்று பனி கொட்டியது.
இரண்டு பாட்டு, ஒரு ஜெபம்,
லாரிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

முப்பத்தாறு டாலர்.
அன்று என் கைப்பையிலேயே இருந்தது.
இது தோன்றியதோ
காப்பி ஆறி எல்லோரும் போன பிறகு,
ஏழாவது பெயருக்குக் கீழே
வெறும் உலோகத்தைக்
கையுறையால் துடைத்துக்கொண்டு நின்றபோது.