நொந்தபுரியில் இரண்டு–மூன்று

புளியரை எடைமேடையில் எனக்குக் காலை ஆறு மணி முறை.
லாரி ஏறும். சிவப்பு எண்கள் நடுங்கும்,
நடுங்கி ஓரிடத்தில் நிற்கும்.
நின்ற பிறகுதான் சீட்டு அடிக்க வேண்டும்.

கைப்பேசியிலும் எண்கள்தாம்.
அவை நிற்பதில்லை.
பதினைந்து, முப்பது, அங்கிருந்து ஏனோ நாற்பது.
நடுவில் ஐந்து எங்கே போனதென்று
எம்-சாண்ட் ஏற்றிவரும் ஷிஹாபுதீனிடம் கேட்டேன்.
"கமிஷன்" என்றான்.

பெயருக்கு ஒதுக்கிய கட்டம் சின்னது.
இசக்கியம் என்பதோடு தீர்ந்து
மூன்று புள்ளி.
அந்தப் புள்ளிகளுக்குள் ஓர் அம்மாள் இருக்கிறாள்,
பதினாறு வயது, இடக்கை.
அவள் ஆடி நான் பார்த்ததில்லை.
இந்த மாதிரி சின்னப் போட்டிக்கெல்லாம்
கேமரா வைக்க யாருக்கு மனசு வரும்?
பந்தைப் போடுகிறவள் பெயருக்குப் பக்கத்தில்
ஒரு மஞ்சள் பொட்டு வரும்.
அது மேலும் கீழும் தாவுவதுதான்
நான் கண்ட டென்னிஸ்.
பந்து அறுபது கிராம்கூட இல்லையாம்.
என் மேடைக்குப் பத்து கிலோவுக்குக் கீழ்
எதுவும் கண்ணில் படாது.

அப்பா செங்கோட்டை, அம்மா புனலூர்.
அவள் ஜெயித்த வாரம்
ஆரியங்காவு இறங்கிவரும் டிரைவர்கள்
"நம்முடெ குட்டியல்லே" என்பார்கள்.
தோற்ற வாரம்
"உங்க ஊர்ப் பிள்ளைக்கு என்னாச்சு?"

விமானச் சீட்டுக்காக
அவள் அப்பா டிப்பரை விற்றதாகப் பேச்சு.
அந்த வண்டியின் வெற்று எடை
இன்னும் என் பதிவேட்டில் கிடக்கிறது,
பதினோராயிரத்து இருநூற்று நாற்பது கிலோ.
அதைப் பார்த்த அன்றுதான்
அவள் பெயரைத் தேட ஆரம்பித்தேன்.

மொனாஸ்டிரில் முதல் சுற்றோடு சரி.
நைரோபியில் இரண்டாம் சுற்று.
கொழும்பில் காலிறுதிவரை போனாள், அன்றைக்கு நான்
இருபத்தெட்டு டன் ஜல்லியைப்
பதினெட்டு என்று அடித்துவிட்டேன்.
சம்பளத்தில் இருநூறு பிடித்தம்.
வீட்டில் சொல்லவில்லை.

போன மாதம் நொந்தபுரி.
தாய்லாந்தில் நிஜமாகவே அப்படியோர் ஊர்.
பெயரைப் பார்த்ததுமே வயிற்றைப் பிசைந்தது.
வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.
நமக்கு எட்டரைக்கு ஆரம்பம்.
முதல் செட் ஆறு–நான்கு, அவளுக்கு.
இரண்டாவதில் இரண்டு–மூன்று.
டியூஸ்.
மறுபடி டியூஸ்.
பொட்டு அவளிடம்தான் இருந்தது.
கோட்டைவாசலில் மழை, சிக்னல் ஒற்றைக் கோடு.
பிறகு நெடுநேரம் எதுவும் அசையவில்லை.
லாரி நிலைகொண்டாற்போல் எண்கள் நின்றன,
சீட்டு அடிக்கலாம் என்பதைப்போல.

அப்புறம் பெயரோரம் ஒரு சொல் வந்தது,
ரிட்டயர்டு.

எங்கள் சித்தப்பா மின்வாரியத்தில் ரிட்டயர்டு ஆனபோது
சந்தன மாலை போட்டு
ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள்.
பிரியாணி போட்டோம்.
இவளுக்கு அங்கே யார் என்ன செய்தார்கள்,
கணுக்காலா, தோளா, காய்ச்சலா,
எந்த வண்டி பிடித்து அறைக்குப் போனாள்,
மட்டையை யார் தூக்கிவந்தார்கள்,
திரையில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை.

பின்னால் ஹாரன்.
"சேச்சி, வெயிட்டு!"

மூன்று வாரமாக எந்த அட்டவணையிலும் அவள் இல்லை.
எதிரே ஆடிய கசாக் பெண்
அரையிறுதியில் தோற்றாள்.
அதுவரை அவளையும் தொடர்ந்தேன்,
தோற்கட்டும் என்றுதான்.

நேற்று ராத்திரி தாஷ்கண்ட் போட்டிக்கு
மாற்று ஆட்டக்காரர் பட்டியல் வந்திருக்கிறது.
பதினான்காவது வரியில்
இசக்கியம், மூன்று புள்ளி.

பதின்மூன்று பிள்ளைகள் வராமல் போக வேண்டும்.
யாருக்காவது அம்மை போட வேண்டும்,
யாருக்காவது விசா கிடைக்காமல் இருக்க வேண்டும்,
யார் அப்பாவுக்காவது விற்க ஒன்றும் மிஞ்சியிருக்கக் கூடாது.
நினைத்தாலே பாவம்.
நினைத்தேன்.