வேலூர்க்காரிக்குக் கண்டி காட்டியது

ரயிலடியில் ஏறினாள். ஒற்றைத் தோள்பை,
முழங்காலில் வலிக்குக் கட்டிய பட்டி.
"ஆட்டோ, ஊர் சுத்திக் காட்டுவீங்களா?"
திரீவீலர் என்று திருத்தவில்லை.
சவாரி அவளுடையது.

போகம்பறை மதிலோரம் சொன்னேன்:
இது ஜெயில், இப்போது ஆளில்லை.
அவள் திரும்பவில்லை.
இங்கே குளிருது என்று
மகனுக்குத் தட்டிக்கொண்டிருந்தாள்.

வாவி.
நெல் விளைந்த வயல் இது அம்மா,
கடைசி ராசா மறித்துத் தண்ணீராக்கினான்.
மண் சுமக்க மறுத்தவர்களைச்
சேற்றிலேயே கழுவேற்றினானாம்.
இந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும்,
தாழ்த்தினால் ஐம்பது ரூபா கூடக் கிடைக்கும்.
தாழ்த்தினேன்.

கரைச்சுவரைப் பாருங்கள், அலையலையாக.
மேகச் சுவர் என்று பேர்.
முக்கோண மாடமெல்லாம் விளக்கு வைக்க.
அதோ, நீர்க்காகம் சிறகு காயவைக்கிற இடம்,
அதோடு சரி.
"ஏன் முடிக்கல?"
முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டார்கள்.

மாளிகை வாசலில் அவளுக்கு சார்க் டிக்கட்.
எனக்கு டிக்கட் இல்லை, இந்த ஊர்க்காரன்.
அவள் பையை ஒருமுறை திறந்து பார்த்தார்கள்.
என் அடையாள அட்டையை
முன்னும் பின்னுமாக இரண்டுமுறை.
குண்டு வெடித்த வருஷத்திலிருந்து இப்படித்தான்.
பழகிவிட்டது என்று சொல்லப் பழகிவிட்டேன்.

மேளம், தாமரை, வெள்ளை உடுப்பு, நெரிசல்.
"பல்லைக் காட்டவே இல்லியே?"
பேழைக்குள் பேழை, அதற்குள் பேழை அம்மா.
கதவு திறப்பதைத்தான் காட்டுவார்கள்.

மரத்தூண் மண்டபத்தில்
முதல்முறையாகக் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.
ராச்சியத்தை எழுதிக்கொடுத்த அன்று
பிரதானிகளில் சிலர்
தமிழெழுத்தில் ஒப்பமிட்டார்கள் என்றேன்.
"தமிழ்லயா?"
தமிழில்தான்.
"ராசா?"
மதுரைப் பக்கத்துச் சொந்தம், நாயக்கர் வழி.
தூணைத் தொட்டாள்.
தொடக்கூடாது என்று ஒருவன் சிங்களத்தில் அதட்டினான்.
மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

"அப்ப சமாதி எங்க? அதையும் பாத்துடலாம்."

உங்கள் ஊரில்.

"எங்க ஊர்லயா?"

வேலூரில். கோட்டையில் அடைத்து வைத்திருந்தார்கள்,
அங்கேயே செத்தான். பாலாற்றோரம்.

"அந்தப் பக்கமா முப்பது வருஷம்
டவுன் பஸ்ல ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போனேன்,"
என்றாள். பிறகு பேசவில்லை.

வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டம் போனோம்.
காய்ச்சலில் செத்தவன்,
யானை அடித்துச் செத்தவன்,
ஒவ்வொரு கல்லாகப் படிக்கலாம்,
புல்லை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள்.
அங்கேதான் கேட்டாள்:
"நீங்க பேசுறது எங்க ஊர்ப் பேச்சாட்டம் இருக்கே?"

ஹந்தானையில் லயத்தில் பிறந்தவன் அம்மா.
ராசாவை அந்தக் கரைக்குக் கப்பலேற்றினார்கள்,
கொஞ்ச வருஷத்தில் அந்தக் கரையிலிருந்து
எங்களை இறக்கினார்கள், கோப்பிக்கு.
மன்னாரிலிருந்து மாத்தளைவரை நடை.
வழியில் விழுந்தவனுக்குக் கல் இல்லை,
அதனால் அந்த இடம் என் சுற்றுலாவில் இல்லை.

மூன்று மணி மழை சரியாக வந்தது.
தகரக் கூரைக்குக் கீழே பிளேன்டி, இஞ்சி போட்டு.
ஊருக்குப் போய் என்ன அனுப்பட்டும் என்றாள்.
படம் என்றேன்.
"யார் படம்?"
அவன் படுத்திருக்கிற இடம்.

மூன்று வாரம் கழித்து வந்தது.
பூட்டிய கதவு, வெயில், ஒரு வெள்ளாடு,
மூலையில் அவள் விரல் பாதி மறைத்திருக்கிறது.
கீழே எழுதியிருந்தாள்:
நேரம் கழிச்சுப் போயிட்டேன் தம்பி.

இப்போது மேகச் சுவர் நிற்கிற இடத்தில்
வண்டியை ஓரங்கட்டுகிறேன்.
ஜெர்மன்காரனோ குருநாகல்காரனோ,
படத்தைப் பெரிதாக்கி நீட்டுகிறேன்.
மீதிச் சுவர் இது, என்கிறேன்.
ஆட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.
இதற்குக் குரலைத் தாழ்த்துவதில்லை,
தனிக்காசும் வாங்குவதில்லை.