ஆறாவது ஒட்டு

சாம்பல்தீவுப் பாலம் தாண்டினதும்
பின்சில்லு நெளியத் தொடங்கியது.
முதலில் றோட்டைத்தான் குறை நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை. பதினொன்றரை வெயில்.
பையில் பதினான்கு வீட்டுக் கட்டுக்காசு,
இன்னும் ஒன்பது வீடு பாக்கி.
சல்லிக்குப் போகவேண்டும்.
ஊரின் பெயரும் சல்லி,
வாங்கப் போவதும் சல்லி.
கந்தோரில் இதைச் சொல்லி
இரண்டு வருசமாகச் சிரிக்கிறார்கள்.

உருட்டிக்கொண்டு நடந்தேன்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
இந்தப் பக்கம் என் முகம் தெரிந்தால்
சில படலைகள் தாமாகச் சாத்திக்கொள்ளும்.

தகரக் கொட்டில். துருப்பிடித்த கொம்பிரசர்.
அவன் குந்தியிருந்து சில்லைச் சுற்றினான்,
ஓரிடத்தில் நிறுத்தி விரல் வைத்தான்:
மீன் தூண்டில், முறிந்த பாதி.
"கடல்ல ஒண்டும் படுகுதில்ல,
றோட்டிலயாவது படட்டும்" என்றான்.
சிரிக்கவில்லை.

ரியூப் வெளியே வந்தது,
ஏற்கெனவே ஐந்து ஒட்டோடு.
சட்டித் தண்ணீருக்குள் அமுக்கினான்.
நாலாவது ஒட்டுக்குப் பக்கத்தில்
விடாமல் ஏறியது குமிழி.

"ரயரை மாத்துங்கோ அக்கா.
இஞ்ச பாருங்கோ, நூல் தெரியுது.
ஒட்ட முந்நூறு.
புதுசு ஒன்பதாயிரத்து எண்ணூறு.
முந்நூறு முந்நூறா எத்தனை தரம் குடுப்பீங்கள்?"

இதே கணக்கை
நான் வேறு முற்றங்களில் சொல்லுகிறவள்.
வட்டியை மட்டும் கட்டிக் கட்டி
எவ்வளவு காலத்துக்கு இழுப்பீங்கள்,
முழுசா முடியுங்கோ, என்று.

"இந்த மாசம் மட்டும் ஒட்டிவிடுங்கோ தம்பி.
சம்பளம் வரட்டும்."
சொன்ன பிறகுதான் பிடிபட்டது,
பதினோராம் வீட்டுப் பெண்
காலையில் சொன்னது இதுதான்,
தம்பிக்குப் பதில் மிஸ்.

அரத்தாளால் உரஞ்சினான்.
சொலூசன் பூசி ஊதினான்.
அது காய வேண்டும்; காத்திருக்க வேண்டும்.
வியர்வை கண்ணுக்குள் இறங்க
ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டேன்.

ஒருதரம் பார்த்தான்.
திரும்ப ரியூப்பைப் பார்த்தான்.
"எங்கட வீட்டுக்கும் இண்டைக்குத்தானே?
மனிசியின்ர பேர் தர்மிளா.
ரெண்டாவது ஒழுங்கை."

கொப்பியில் பதினேழாவது பெயர்.
மூன்று கிழமை நிலுவை.

ஒட்டை வைத்து அழுத்தினான்.
சுத்தியல் பிடியால் தட்டினான்.
ரியூப்பை உள்ளே போடுவான் என்று நினைத்தேன்.
போடவில்லை.
வெறும் ரயருக்குள் கையை விட்டு
எங்கோ பார்த்தபடி
விரல்நுனியால் மெல்ல மெல்லச் சுற்றி வந்தான்.
நின்றான். குறடு கேட்டான்.
நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

தூண்டிலின் நுனி.
குறுநொய் அளவு.
உள்ளேயே இருந்திருக்கிறது.

விட்டிருக்கலாம்.
அரை மைல் ஓடியிருக்கும்,
இரண்டாவது ஒழுங்கைக்கு முன்னால்
இறங்கியிருக்கும்.
ஒட்டினவனை யாரும் ஏசமாட்டார்கள்.
ரயர்தானே பழசு.

உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.
"றோட்டில போட்டிடாதீங்கோ."
சில்லறைப் பைக்குள் போட்டேன்.
முந்நூறைக் கொடுத்தேன்.
மடித்து மேல்பொக்கற்றில் வைத்தான்.
வேறொன்றும் பேசவில்லை,
நானும்தான்.

இரண்டாவது ஒழுங்கையில்
படலை திறந்தே கிடந்தது.
கொடியில் பள்ளிக்கூடச் சட்டை இரண்டு.
உள்ளே யாரோ தேங்காய் துருவும் சத்தம்.
எஞ்சினை நிற்பாட்டாமல்
பதினேழாவது பெயருக்கு நேரே எழுதினேன்:
வீடு பூட்டு.

ஒரு கிழமை தாங்கும்.
அடுத்த வெள்ளிக்கு மூன்று நான்காகும்,
அதற்குள் மனேஜர் கொப்பியைக் கேட்பார்,
பூட்டின வீட்டில்
தேங்காய் துருவினது யார் என்று
அவருக்கும் கேட்கத் தெரியும்.

பத்தொன்பதாம் வீட்டில்
மிச்சக்காசு தேடிப் பைக்குள் கைவிட்டபோது
பெருவிரலில் ஏறியது நுனி.
"ஐயோ மிஸ், ரத்தம்."
ஒன்றுமில்லை என்றேன்.
பற்றுச்சீட்டின் மூலையில்
சின்னதாய்ச் சிவப்பு வட்டம்.
அதன்மேல்
றப்பர் முத்திரையை வைத்து
அழுத்திப் பிடித்தேன்.